பனிமலையில் ஸ்னோஷூ முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்னோஷூ என்பது பனியில் புதையாமல் நடக்கப் பூட்ஸின் அடியில் மாட்டும் அகலமான சட்டம். வழிகாட்டியோடு போகும் குளிர்கால முகாமில் பாதை, வானிலை, பனிச்சரிவு அபாயம் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் உடம்பும் உடையும் நனையாமல் இருப்பதை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் உலர்ந்த உடையோடு படுத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். வியர்வையில் நனைந்தவர் அதே இரவில் விடியும்வரை நடுங்க வேண்டியிருக்கும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்தைச் சமாளிப்பதற்குத்தான்.

பதிவு செய்யும் முன்

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கூடாரமும் அடுப்பும் பனிச்சரிவுக் கருவிகளும் யார் தருவார்கள், சிக்னல் இல்லாத இடத்தில் உதவிக்கு எப்படி அழைப்பார்கள் என்று கேளுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கை 1 முதல் 5 வரை அளவிடப்படுகிறது; எந்த அளவில் பாதையை மாற்றுவார்கள், எப்போது பயணத்தையே நிறுத்துவார்கள் என்றும் கேட்க வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, முன்பு விரல்களில் ஏற்பட்ட உறைபனிப் புண் எதையும் மறைக்காதீர்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும்; அதை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருக்க வேண்டும்.

உடை

பருத்தி வேண்டாம், உள்ளாடைகூட. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய நேரமாகும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்குமேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். அக்குளில் ஜிப் இருந்தால் மிகவும் நல்லது. இவற்றோடு, நிற்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள இறகோ செயற்கை இழையோ அடைத்த ஒரு தடித்த ஜாக்கெட் வேண்டும்.

காலுறை மூன்று ஜோடி: நடக்க ஒன்று, மாற்ற ஒன்று, தூங்க மட்டும் ஒன்று. குளிருமே என்று இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும். பூட்ஸுக்குள் விரல்களை அசைக்க இடம் வேண்டும். மெல்லிய கையுறை, தடித்த கையுறை, கூடுதலாக விரல் பிரியாத ஒரு ஜோடி. பூட்ஸுக்குள் பனி புகாமல் தடுக்க முழங்கால்வரை கெய்ட்டர் (காலைச் சுற்றி மாட்டும் உறை). புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். கருப்புக் கண்ணாடி கட்டாயம். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தடவுங்கள்.

ஸ்னோஷூ: அளவும் நடையும்

அளவைத் தேர்ந்தெடுக்க உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டுங்கள். குளிர்கால முகாமுக்கான பை 15 முதல் 20 கிலோ வரை வரும். உடல் எடையை மட்டும் பார்த்து எடுத்தவர்கள் முதல் மணி நேரத்திலேயே முழங்கால்வரை புதைந்து களைத்துப் போவார்கள்.

பாதத்தின் முன்பந்து (விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதி) ஸ்னோஷூ மடங்கும் அச்சுக்கு நேராக இருக்கும்படி வைத்து வார்களை இறுக்குங்கள். பூட்ஸின் முனை சட்டத்தில் இடிக்கக்கூடாது. நடக்கத் தொடங்கிய 10, 15 நிமிடத்தில் வார்கள் தளரும். நின்று மறுபடி இறுக்குங்கள். கையுறையோடு மாட்டிக் கழற்ற வீட்டிலேயே பழகுவது நல்லது.

கால்களைச் சற்று அகட்டி வையுங்கள். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் ஒரு ஸ்னோஷூவின் விளிம்பை மற்றொன்றால் மிதிப்பதால்தான். ஏற்றத்தில் முனையால் பனியை உதைத்துப் படி வெட்டி ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் ஸ்னோஷூவில் குதிகாலுக்கு அடியில் உள்ள கம்பியைத் தூக்கிவிட்டால் கெண்டைக்கால் வலிக்காது. இறக்கத்தில் முழங்காலை மடக்கி, அடியில் உள்ள பற்கள் முழுவதும் பதியும்படி மிதியுங்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், வால்பகுதி பனியில் குத்தி மல்லாக்கத் தள்ளிவிடும். அரைவட்டமடித்துத் திரும்புங்கள்.

சுமையோடு சமதளத்தில்கூட மணிக்கு 2, 3 கிலோமீட்டர்தான் போக முடியும். முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி போடுபவருக்குத்தான் அதிக உழைப்பு. அந்த இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே, தடித்த ஜாக்கெட்டைப் போடுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடியாத வேகம் என்றால் நனையப் போகிறீர்கள் என்று பொருள். தயங்காமல் வழிகாட்டியிடம் சொல்லி வேகத்தைக் குறையுங்கள்.

பனிச்சரிவு

பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும் மேலே அப்படியொரு சாய்வு இருந்தால் பனி உங்களிடம் வந்து சேரும். புதைந்தவரைக் கண்டுபிடிக்க அலைகளை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவிதான் டிரான்சீவர். அதை முதுகுப்பையில் வைக்காதீர்கள், வெளி ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டுங்கள். அலைபேசி அதன் அலைகளைக் குழப்பும். குறைந்தது 20 செ.மீ. தள்ளியிருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ. தேடுகோலும் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி) மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்தில் எடுப்பது உடனிருப்பவர்களால்தான் முடியும். ஒவ்வொருவராகக் கடக்கச் சொன்னால் ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும்.

கூடாரம்

இருட்டுவதற்கு 2 மணி நேரம் முன்பே முகாமிடத்தை அடையுங்கள். பனி சுமந்த கிளைகளுக்கு அடியிலும், குளிர்ந்த காற்று தேங்கும் பள்ளத்தாக்கின் அடியிலும் கூடாரம் வேண்டாம். முதலில் ஸ்னோஷூவோடும் பிறகு பூட்ஸோடும் தரையை மிதித்து இறுக்கி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட அந்த நேரம் தேவை. அவசரப்பட்டுக் கூடாரம் போட்டால் இடுப்பும் முழங்காலும் பட்ட இடமெல்லாம் குழியாகி, இரவில் அப்படியே உறைந்துவிடும்.

சாதாரண ஆணி பனியில் நிற்காது. பனி நிரப்பிய பையையோ தடித்த குச்சியையோ கிடைமட்டமாக 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து, கயிற்றை அதைச் சுற்றி வளைத்து, முடிச்சை மேலே போடுங்கள். காலையில் உறைந்த பனியைத் தோண்டாமல் கயிற்றை உருவ இது உதவும். வாசலில் ஒரு குழி வெட்டினால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பூட்ஸ் மாட்டலாம்.

அடுப்பும் தண்ணீரும்

பனியை உருக்குவது எரிபொருளை விழுங்கும் வேலை. ஒரு கிலோ பனியை உருக்கும் வெப்பம், அதே நீரை 0-லிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. புதுப்பனி பெரும்பாலும் காற்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 லிட்டர் பனிகூடத் தேவைப்படலாம். பாத்திரத்தில் முதலில் இரண்டு விரல் உயரத் தண்ணீர் ஊற்றி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெறும் பாத்திரத்தில் பனியை அடைத்தால், அடியில் உருகும் நீரை மேலிருக்கும் பனி உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரம் கருகி, தண்ணீரில் தீய்ந்த வாடை வரும்.

எரிவாயு அடுப்பின் குப்பியில் இருக்கும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும். அதைவிடக் கடுங்குளிருக்குத் திரவ எரிபொருள் அடுப்புதான் சரி. அடுப்பின் கீழே ஒரு பலகை வையுங்கள், இல்லாவிட்டால் பனி உருகிச் சாய்ந்துவிடும். மூடிய கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும். அகன்ற வாய்ப் புட்டியைத் தலைகீழாக வைத்தால் மூடி அடைத்துக்கொள்ளாது. உறிஞ்சு குழாய்ப் பைகள் சீக்கிரமே உறைந்துவிடும்.

தூக்கம்

ஸ்லீப்பிங் பேகில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள். 'லிமிட்' (தாங்கக்கூடிய எல்லை) எண்ணை விடுங்கள், 'கம்ஃபர்ட்' (வசதியாகத் தூங்கக்கூடியது) எண்ணைப் பாருங்கள். அடியில் விரிக்கும் பாய் தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஆர்-மதிப்பு. ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் அது கூடிக்கொண்டே போகும்: ஃபோம் பாயின் 2-உம் காற்றடைத்த பாயின் 4-உம் சேர்ந்தால் 6. பனித்தரைக்குக் குறைந்தது 5 வேண்டும்.

படுக்கும் முன் உலர்ந்த உடைக்கு மாறி, சிறுநீர் கழித்து, கொழுப்பு நிறைந்த ஏதாவது சாப்பிடுங்கள். வெந்நீர்ப் புட்டியை காலுறைக்குள் போட்டு, கசிகிறதா என்று பார்த்து, தொடைகளுக்கு நடுவே வையுங்கள். பூட்ஸின் உள்ளுறை, டார்ச் பேட்டரி, அலைபேசி மூன்றும் ஸ்லீப்பிங் பேகுக்குள் வரட்டும். ஆனால் மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். மூச்சின் ஈரம் உள்ளடைப்பில் இறங்கினால் மறுநாள் இரவு அந்தப் பை சூடு தராது. இதே காரணத்துக்காகக் கூடாரத்தின் காற்றுவழிகளையும் மூடாதீர்கள்.

யாராவது தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் திடீரென நின்றாலோ உடனே வழிகாட்டியை எழுப்புங்கள். வெளுத்து மரத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள், பனியால் தொடவும் கூடாது.

திரும்பிய பிறகு

கூடாரமும் ஸ்லீப்பிங் பேகும் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அன்றே விரித்து ஓரிரு நாள் காயவிடுங்கள். பையைச் சுருட்டி அமுக்கி வைத்தால் உள்ளடைப்பின் உப்பல் போய்விடும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போடுங்கள். ஸ்னோஷூவின் பற்களைத் துடைத்து, தேய்ந்த வார்களை அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.