ஜீப்ரா கோட்டில் வண்டி நிறுத்தும் முறை: மார்த்தாண்டம்–பாறசாலை சாலையில் ஓட்டுபவர்களுக்கு

சிக்னலும் போலீஸும் இல்லாத ஜீப்ரா கோட்டில் முதல் உரிமை நடந்து போகிறவருக்குத்தான். வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதே உரிமை உண்டு. மத்திய அரசின் சட்டம் என்பதால் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் கேரள எல்லையிலுள்ள இஞ்சிவிளைக்கு அந்தப் பக்கமும் விதி ஒன்றுதான். கேரளாவுக்குள் நுழைந்ததும் ஒழுங்காக ஓட்டிவிட்டு, திரும்பி வரும்போது பழையபடி பாய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

விதி தெரிந்தவர்கள்கூட நிற்பதில்லை. கேட்டால், "நான் நின்றால் பின்னால் வருகிறவன் வந்து முட்டுவான்" என்பார்கள். சாக்காகத் தோன்றினாலும் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் கோட்டில் நிற்கப் பழகுவதென்றால், பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு நிற்கப் பழகுவது என்று பொருள்.

எங்கே தொடங்க வேண்டும்

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி சரியாகிவிடும். அதன்பின் காய்ந்த சாலையில் கார் நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 28. ஆனிச் சாரலிலோ ஐப்பசி மழையிலோ அதுவே 38 மீட்டர் அளவுக்குப் போகும். டயர் தேய்ந்திருந்தால் அதற்கும் மேல். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே கோட்டுக்கு 60 மீட்டர் முன்பே, ஏறக்குறைய இரண்டு தெருவிளக்குக் கம்ப தூரத்தில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கடக்க ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது அப்போது முக்கியமில்லை. உள் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் பஸ்ஸோ டிப்பரோ ஒட்டி வந்தால் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு விடுங்கள்; சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவது அந்த டிரைவரின் கண்ணில் படும். நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் வேண்டாம். நீங்கள் நிற்கப் போகிறீர்களா, நேராகப் போகப் போகிறீர்களா என்று பின்னால் வருபவர் குழம்பிப்போவார். ஜன்னல் திறந்திருந்தால் கைச் சைகையே போதும்: வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது படித்து மறந்ததுதான், இன்றும் வேலை செய்கிறது.

நிறுத்தக் கோடு போட்டிருந்தால் அதற்குப் பின்னால் நில்லுங்கள். அது அழிந்துபோயிருந்தால் (பாதி இடங்களில் அழிந்துதான் கிடக்கிறது) ஜீப்ரா கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே நில்லுங்கள். மூக்கைக் கோட்டின் மேல் வைத்து நின்றால், உங்கள் வலப்புறம் பைக்கில் வருபவருக்கு நடப்பவர் தெரியவே மாட்டார். உங்கள் வண்டியே அவரை மறைத்துவிடும். நின்ற பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டாம், விளக்கு எரியட்டும்.

இனிச் சொல்வதுதான் உயிர் போகும் இடம். நிற்கும் வண்டியைத் தாண்டி முந்துகிற இரண்டாவது வண்டிதான் ஆளை அடிக்கிறது. முதல் வண்டி நின்றுவிட்டதே என்ற தைரியத்தில் நடப்பவர் அடுத்த பக்கத்தைப் பார்க்காமல் காலெடுத்து வைக்கிறார். எனவே நின்றதும் வலது கண்ணாடியைப் பாருங்கள். பைக் பாய்ந்து வருவது தெரிந்தால் வலது கையை வெளியே நீட்டித் தடுங்கள். நடப்பவரைப் பார்த்து "போங்க போங்க" என்று கையசைப்பது மரியாதையாகத் தோன்றும். செய்யாதீர்கள். அவர் உங்கள் கையை நம்பி நடப்பார். பக்கத்தில் வரும் வண்டிக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. நின்று காட்டினால் போதும், போவதை அவர் முடிவு செய்யட்டும். ஹெட்லைட்டை மினுக்குவதும் கூடாது. நம் சாலையில் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்று பொருள். சிலர் "நீ போ" என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள்: முன்னால் ஒரு வண்டி கோட்டருகே நின்றால், காரணம் தெரியாவிட்டாலும் அதை முந்தாதீர்கள்.

நடப்பவரைப் படிப்பது

இரு வழிச் சாலையின் அகலம் சுமார் 7 மீட்டர். சாதாரணமாக நடப்பவருக்கு அதைக் கடக்க ஆறு நொடி, வயதானவருக்கு ஒன்பது நொடி ஆகும். அந்த ஒன்பது நொடிக்குள் ஆரன் அடித்தால் அவர் பதறிப் பாதியில் நின்றுவிடுவார், அல்லது வந்த வழியே திரும்புவார்.

களியக்காவிளை சந்தைப் பக்கம் தலையில் மீன் சருவத்தோடோ வாழைக்குலையோடோ கடக்கும் அம்மாக்களைக் கவனியுங்கள். தலையில் சுமை இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. உங்களைப் பார்க்க அவர் உடம்பையே திருப்ப வேண்டும், அதனால் பெரும்பாலும் பார்க்க மாட்டார். அவர் உங்களைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். குடை பிடித்து வருபவரும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி கடந்துவிட்டால் கூட்டாளியும் பின்னாலேயே ஓடி வருவாள். முதல் பிள்ளை போனதும் கிளட்சை விடாதீர்கள். வெள்ளைக் கோலோடு வருபவருக்கு முழுதாக நின்று, அசையாமல் இருங்கள். என்ஜின் சத்தத்தை வைத்துத்தான் அவர் உங்கள் வண்டியை அளக்கிறார். ஆக்சிலேட்டரை உறுமவிட்டால் அவருக்கு எதுவும் புரியாது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸைக் கடக்கும்போது நடை வேகம் போதும். பஸ்ஸின் அடியில் பாருங்கள், முன்பக்கம் கால்கள் தெரிந்தால் ஆள் வெளியே வரப்போகிறார். வலப்புறம் திரும்பும்போது கார் முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு ஆளையே மறைத்துவிடும். தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத் திரும்புங்கள். இரவில் எதிரே ஹெட்லைட் வெளிச்சம் இருந்தால் இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவில் நிற்பவர் கண்ணுக்கே தெரியமாட்டார். டிம் போட்டு வேகத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பைக்கில் வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. மழையில் அந்த வெள்ளைப் பட்டை தாரைவிட அதிகம் வழுக்கும். பட்டைக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து முடித்துவிடுங்கள். பட்டையின் மேல் பிரேக் பிடிப்பதும் வண்டியைச் சாய்ப்பதும் விழுவதற்கான வழி.

நெரிசலும் அபராதமும்

வண்டிகள் வரிசையாக நிற்கும்போது கோட்டுக்கு அப்பால் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடமிருந்தால் மட்டும் கோட்டைத் தாண்டுங்கள். கோட்டின் மேல் மாட்டிக்கொண்டு நிற்பதும் மீறல்தான். கடைக்கு ஐந்து நிமிடம் என்று கோட்டருகே வண்டியைப் போடுவதும் வேண்டாம். அது நடப்பவரை மறைக்கும் சுவராகிவிடும்.

ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது ஆபத்தாக ஓட்டுவதில் சேரும், அது 184-ஆம் பிரிவு: முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இடத்திலேயே கட்டும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேரளாவில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. தமிழ்நாட்டுப் பதிவெண் என்பதால் தப்ப முடியாது. செலான் வருவது ஆர்சியில் பதிந்த போன் எண்ணுக்கு. பழைய வண்டி வாங்கியவர்கள் அந்த எண் முன்னாள் உரிமையாளருடையதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.