மனையின் ஐந்தாவது அளவு: மூலைவிட்டம் பிடிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பைப் பிரித்து மனை போட்டால், சாலையோரத் துண்டுகள் பலவும் கோணல்மாணலாகத்தான் விழும். விற்பவர் நாலு பக்க அளவையும் சொல்வார். அது போதாது. நாலு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சட்டமாக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். எந்தக் குச்சியின் நீளமும் மாறாது, உள்ளே இருக்கும் பரப்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். மூலைக்கு மூலை ஓர் அளவு எடுத்தால்தான் உருவம் அசையாமல் நிற்கும். பள்ளியில் மூலைவிட்டம் என்று படித்தது இதைத்தான்.

முதலில் எளிய மனை. 30-க்கு 40 அடி என்றால் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள். அப்புறம் நூறடி டேப்பை மூலைக்கு மூலை இழுத்துப் பிடியுங்கள். 30×30 = 900, 40×40 = 1600, கூட்டினால் 2500, அதன் வர்க்கமூலம் 50. இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வந்தால் மனையின் மூலைகள் பிசகாமல் செங்கோணமாக இருக்கின்றன. 40-க்கு 60 மனையில் 72 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதை மட்டும் வைத்துச் செவ்வகம் என்று முடிவுகட்டாதீர்கள், இருபுறமும் ஒரே மாதிரி சாய்ந்த சரிவகத்திலும் அவை சமமாகத்தான் இருக்கும். மேடுபள்ளமான இடத்தில் டேப்பைத் தரையோடு படுக்க வைக்காமல் மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இனி கோணல் மனை. வடக்கே 56 அடி, கிழக்கே 52, தெற்கே 63, மேற்கே 39 என்று வைத்துக்கொள்வோம். ஊரில் சட்டென்று போடும் கணக்கு என்ன? எதிர்ப் பக்கங்களின் சராசரி 59.5, 45.5, பெருக்கினால் 2707 சதுர அடி, அதாவது 6.2 சென்ட். (ஒரு சென்ட் 435.6 சதுர அடி.)

வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடித்தால் 60 அடி வருகிறது என்போம். மனை இப்போது இரண்டு முக்கோணம். ஒன்றின் பக்கங்கள் 56, 52, 60. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கள்: 28, 32, 24. 84-ஐயும் சேர்த்து நாலு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1344. இதே வழியில் 63, 39, 60 முக்கோணத்துக்கு 1134. மொத்தம் 2478 சதுர அடி, 5.7 சென்ட்கூட முழுதாக இல்லை. அரை சென்ட்டுக்கு மேல் காற்றில் போய்விட்டது! சராசரிக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற நாற்கரங்களுக்கெல்லாம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்பவருக்கு அது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு மூலை உள்வாங்கியிருந்தால், மனைக்குள்ளேயே ஓடும் மூலைவிட்டத்தை எடுங்கள். சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தையும் (எஃப்.எம்.பி., அரசு நில அளவையில் வரைந்த படம்) ஒருமுறை பாருங்கள். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த கோடுகள் அதில் இருக்கும், அளவுகள் மீட்டரில்.

நகர வரைபடத்தில் மூலைவிட்டத்துக்கு வேறு வேலை. 300-க்கு 400 மீட்டர் கட்டத்தைத் தெருவழியே சுற்றினால் 700 மீட்டர் நடை, குறுக்குச் சாலை இருந்தால் 500. ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு 1859-இல் பொறியாளர் செர்தா வரைந்த கட்டம் கட்டமான திட்டத்தின் நடுவே இப்படி ஒரு சாலை ஊரையே குறுக்காக வெட்டுகிறது. அதன் பெயரே ‘தியாகொனால்’, அதாவது மூலைவிட்டம். இதற்கு விலையும் உண்டு. குறுக்குச் சாலை போகிற இடமெல்லாம் முக்கோண மனை மிஞ்சும். நியூயார்க்கில் பிராட்வே ஐந்தாம் அவென்யூவைச் சாய்வாக வெட்டும் இடத்தில் அப்படி மிஞ்சிய துண்டில்தான் 1902-இல் ஃபிளாட்அயர்ன் கட்டடம் எழுந்தது. அங்கே நிலத்தின் மதிப்பு அப்படி. நம் ஊரில் அந்தக் கூர்முனையில் ஒரு டீக்கடை போடலாம்.

செர்தா தெருமுனைகளையும் சாய்வாக வெட்டினார், வண்டி திரும்பவும் எதிரே வருவது தெரியவும். நம் லேஅவுட்டுகளில் இதை ஸ்பிளே என்கிறார்கள். மூலையிலிருந்து இருபுறமும் 3 மீட்டர் விட்டு வெட்டினால் சாய்வுக்கோடு 4.24 மீட்டர், போகும் இடம் 4.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 48 சதுர அடி. ஓசூரிலோ தருமபுரியிலோ மூலை மனை பார்க்கப் போனால், சொல்லும் பரப்பு ஸ்பிளே கழித்ததா, கழிக்காததா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.