பித்தளை நந்திக்கு வயதும் விலையும் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கியதோ, மாட்டுங்கா வீட்டுப் பரணிலிருந்து இறங்கியதோ, ஒரு பித்தளை நந்தி கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது புளி போட்டுத் தேய்ப்பது. பளபளவென்று ஆன பிறகுதான் "இது எந்த ஊர் வேலை, என்ன விலை போகும்?" என்ற கேள்வி வருகிறது. அதற்குள் பாதிப் பதில் சாக்கடையில் போயிருக்கும்.

பழம்பொருள் வாங்குபவர் காசு கொடுப்பது, காலத்தால் படிந்து நீங்கள் தேய்த்துக் கழுவிவிட்ட அந்தக் கருமைக்கும் சேர்த்துத்தான். புளி, எலுமிச்சை, பாலிஷ் பொடி எதுவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். ஒரே விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டும்: தட்டினால் உதிரும் வெளிர்பச்சைத் தூள், துடைத்த சில நாளில் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, உப்பால் உலோகத்தைத் தின்னும் குளோரைடு அரிப்பு. மும்பையின் மழைக்கால ஈரம் அதற்குத் தீனி. சிலையைத் தனியே, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்துவிட்டு உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்த தவறு, முகத்தைப் பார்த்தே ஊரும் காலமும் சொல்லிவிடுவது. சோழர் பாணியில் சுவாமிமலையில் இன்றைக்கும் வார்க்கிறார்கள். பாணி பரம்பரையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். நம் ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பு (மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவது) பெரும்பாலும் உள்ளே வெற்றிடமில்லாத கட்டி. அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் இணைப்புக் கோடு இருக்காது, உளி வேலை தெரியும். சத்தீஸ்கர் பஸ்தர் பழங்குடிகளின் டோக்ரா வார்ப்பில் களிமண் கருவின் மேல் மெழுகு நூலைச் சுற்றுவார்கள். அந்த நூல் வரிகள் உடம்பெல்லாம் ஓடும், உள்ளே மண் ஒட்டியிருக்கும். உத்தரப் பிரதேச மொராதாபாத்தின் மணல் வார்ப்பில் அச்சு இரண்டு பாதியாக இருப்பதால் வயிற்றடியிலோ கால் இடுக்கிலோ இணைப்புக் கோடும், அதை மறைக்க இழுத்த அரத் தடமும் அகப்படும்.

தேய்மானத்தையும் அப்போதே பாருங்கள். கை படும் திமில், மூக்கு, கொம்பு நுனி வழவழப்பாக இருக்கும்; காதுக்குழியும் மணிமாலையின் இடுக்கும் கூர்மையாக, அழுக்கோடு இருக்கும். இரண்டும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் தேய்த்தது காலமல்ல, பாலிஷ் போடும் பஃபிங் மெஷின். களிம்பும் அப்படித்தான்: மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே சீராகப் பச்சை படர்ந்திருந்தால் அமிலமோ பெயின்ட்டோ என்று சந்தேகப்படுங்கள். அடியில் ஓரிடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒற்றினால் பெயின்ட் கறை இறங்கிவிடும். பீடத்தில் பிளஸ் தலைத் திருகாணி இருந்தால் அந்தப் பீடம் 1930-களுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை; சிலை மட்டும் பழையதாக இருக்கலாம்.

காந்தம் ஒட்டவில்லை, ஆகவே பித்தளை என்பார்கள். துத்தநாகக் கலவையிலும்தான் காந்தம் ஒட்டாது. அடர்த்தியைப் பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் சிலையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, சிலையை நூலில் கட்டி அடியோ பக்கமோ தொடாமல் முழுதும் மூழ்க விடுங்கள். 1,700 கிராம் சிலைக்கு, மூழ்கியதும் தராசு 200 காட்டினால் அடர்த்தி 1,700-ஐ 200-ஆல் வகுத்த 8.5: பித்தளை. 6.6 முதல் 7-க்குள் வந்தால் துத்தநாகம். வெண்கலம் 8.8 வாக்கில் வரும் என்பதால் பித்தளையா வெண்கலமா என்பதை இதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அடிக்குழியில் காற்று தங்கினாலும் கணக்கு தப்பும், சாய்த்து இறக்குங்கள். மண் கரு உள்ள டோக்ராவைத் தண்ணீரில் விடவே கூடாது.

"ஐம்பொன், தங்கம் கலந்தது" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். அப்படியே சேர்த்திருந்தாலும் அது சாஸ்திரத்துக்குச் சேர்க்கும் துளி, விலையை ஏற்றாது. நகை சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாம்; ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். களிம்பில்லாத, முலாம் இல்லாத அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். துத்தநாகம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அது வெறும் பித்தளை.

ஐரோப்பியக் குதிரை, சிங்கச் சிலைகளில் பாரி, மேன் போன்ற பிரெஞ்சுச் சிற்பிகளின் கையெழுத்தைக் கண்டதும் துள்ளிக் குதிக்கிறார்கள். கையெழுத்து வார்ப்போடு வருவது; பழைய சிலையிலிருந்து அச்செடுத்தால் அதுவும் சேர்ந்தே வரும், கொஞ்சம் மழுங்கி. உலோகம் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவதால் நகல் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். பதிவான மூல அளவோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள்.

விலைக்கு, இணையத்தில் யாரோ கேட்கும் தொகையைப் பார்ப்பது வீண். ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்ற விலையைப் பாருங்கள். அதில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எடைக்கு எடை காயலான் கடைக் கணக்கு என்பது தரைவிலை, அவ்வளவுதான்.

யானைத் தந்தத்தில் செய்தது என்றால் விலை பேசவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி விற்பது குற்றம். நூறு வயது தாண்டிய சிற்பம் அதே ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்: தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். துபாய், சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், பழசு போலத் தெரியும் புதுச் சிலையாக இருந்தாலும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள். விமான நிலையக் கஸ்டம்ஸில் கடை ரசீதை நீட்டினால் போதாது.