பீன்ஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள்: மெக்சிகன் உணவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். குடும்பமாக நடத்தும் சின்ன மெக்சிகன் கடை பக்கத்தில் எங்காவது இருக்கும், காரமும் புளிப்பும் சோறும் இருப்பதால் முதல் முறையே நமக்குப் பிடித்துவிடும். பழகிய ருசியாக இருக்கிறதே என்ற அந்த நம்பிக்கையில்தான் எதையும் விசாரிக்காமல் ஆர்டர் கொடுக்கிறோம். பெரிய தவறு அதுதான்.

சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மசித்துத் தரும் ரீஃப்ரைடு பீன்ஸைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள். இப்போது எண்ணெயில் செய்யும் கடைகளும் நிறைய உண்டு, ஆனால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. சிவப்பாக வரும் சோற்றைப் பல இடங்களில் கோழிச் சாறு ஊற்றி வேக வைக்கிறார்கள். சைவமான என் பெற்றோரை ஒருமுறை அழைத்துப் போய், இறைச்சி இல்லாததுதானே என்று ரொட்டிக்குள் பீன்ஸ் வைத்துச் சுருட்டித் தரும் பீன்ஸ் பரீட்டோ வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு ஏதோ தோன்றிப் பரிமாறுபவரிடம் கேட்டால், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளி வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை, கேட்க வேண்டியவன் நான்.

அதனால் "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்டு நிறுத்தாதீர்கள். கறித்துண்டு இல்லை என்றால் பலருக்கு அது சைவம்தான். பீன்ஸில் மான்டேக்கா இருக்கிறதா, சோற்றில் கோழிச் சாறு இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மான்டேக்கா என்றால் பன்றிக் கொழுப்பு, மான்டேக்கீயா என்றால் வெண்ணெய், இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னாலும் போதாது, கார்னே என்றால் இறைச்சி, ஆனால் பேச்சில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும், கோழி வந்துவிடலாம். மசிக்காத முழு பீன்ஸ் கொழுப்பு இல்லாமல் கிடைக்கலாம், ஆனால் அதையும் சிலர் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேக வைப்பதுண்டு. காய்கறி ஃபஹீட்டாவை இறைச்சி வாட்டிய அதே கல்லில் வாட்டுவது சகஜம். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சோள மாவுக்குள் பூரணம் வைத்து அவிக்கும் தமாலேயில் வெறும் சீஸ்தான் வைத்திருந்தாலும் மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

அசைவம் சாப்பிடுபவர்களும் பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. ஆல் பஸ்தோர், கர்னீத்தாஸ், சோரீசோ மூன்றும் வழக்கமாகப் பன்றி. கார்னே அசாடா மாடு. பீர்யா ஹலிஸ்கோ மாநிலத்து ஆட்டுக்கறிச் சமையல் என்றாலும் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சியில்தான் செய்கிறார்கள். லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, த்ரீப்பா குடல். பிடித்தவர்களுக்கு இவைதான் விருந்து, தெரியாமல் வாங்கினால் வீணாகும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மோலே குழம்பை விசாரிக்காமல் தொடவே கூடாது, கடலை, பாதாம், எள் என்று பலவும் அதில் அரைபடும்.

அப்புறம் அந்த சிப்ஸ் கூடை. உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் பெரும்பாலும் சோள சிப்ஸும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியான சால்சாவும் இலவசம், காலியானால் மறுபடி நிரப்பியும் தருவார்கள். பசியோடு போய்க் குழந்தைகளும் நாமும் அதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு, சாப்பாடு வந்ததும் பெட்டி கேட்கிறோம். ஒரு கூடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சால்சாவை நிறம் பார்த்து நம்ப வேண்டாம், பச்சை பல நேரம் சிவப்பைவிடக் காரமாக இருக்கும். வழவழப்பான பச்சையைப் பார்த்து அவகாடோ என்று நினைத்து அள்ளி ஊற்றுவார்கள், அது ஹலபேன்யோ மிளகாயை எண்ணெய் விட்டு அரைத்ததாகவும் இருக்கலாம். ஒரு சொட்டு ருசி பாருங்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயன் இல்லை, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. புளித்த கிரீமோ பாலோ கேளுங்கள்.

டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் டாக்கோவை வந்த சூட்டிலேயே சாப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் சோள டோர்ட்டியா ஊறிப் பிய்ந்துவிடும். இரண்டு டோர்ட்டியா அடுக்கித் தருவது அதற்காகத்தான், ஒன்றை உரித்து ஒதுக்காதீர்கள். முள்கரண்டி வேண்டாம், கையில் எடுத்து டாக்கோவுக்கு ஏற்றபடி தலையைச் சாய்த்துக் கடியுங்கள். தமாலேயைச் சுற்றியிருக்கும் சோளத்தோலை மட்டும் உரித்துவிடுங்கள். 1976-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு சான் அன்டோனியோவில் அந்தத் தோலோடு கடித்து, அது நாடு முழுவதும் செய்தியானது. யாரும் சொல்லித் தராவிட்டால் அப்படித்தான் ஆகும்.

"இதெல்லாம் உண்மையான மெக்சிகன் இல்லை" என்று மேசையில் உட்கார்ந்து பாடம் எடுப்பதையும் விட்டுவிடலாம். சிப்ஸ் மேல் சீஸ் உருக்கித் தரும் நாச்சோஸ்கூட 1940-களில் எல்லையோர மெக்சிகோ நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் செய்தது. எல்லையோர மக்களின் சமையலும் சமையல்தான்.

இன்னொன்று, வார நாளில் போய்விட்டுப் பட்டியலில் ஒன்றுமில்லை என்று திரும்பாதீர்கள். மெதுவாக வேக வைத்த இறைச்சியான பர்பக்கோவா, மாட்டு இரைப்பைச் சூப்பான மெனூதோ, சோளமும் இறைச்சியும் சேர்ந்த சூப்பான பொசோலே போன்றவற்றைப் பல கடைகள் சனி, ஞாயிறு மட்டும்தான் செய்யும், அதுவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பில் வரும்போது அவகாடோ மசியலான குவாக்கமோலேயும் கூடுதல் சீஸும் தனி விலையில் இருந்தால் திகைக்க வேண்டாம், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். மேசைக்கு வந்து பரிமாறியிருந்தால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். பெரிய கூட்டமாகப் போனால் பில்லிலேயே அதைச் சேர்த்திருப்பார்கள், ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.