பெஸ்டோவை அடுப்பில் ஏற்றாதீர்கள்

பெஸ்டோ என்றதும் மிரள வேண்டாம். அது இத்தாலியின் ஜெனோவா நகரத்துத் துவையல். 'இடிப்பது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பார்கள். நமக்கு மிக்ஸி போதும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

முதலில் இலை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் பேசில் (துளசிக்கு உறவான வாசனை இலை) கேட்கும்போது முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஊதாத் தண்டும் சோம்பு வாசமும் இருந்தால் அது தாய் பேசில். நமக்கு வேண்டியது தண்டும் பச்சையாக, இலை குழிந்து பளபளவென்று இருக்கும் இனிப்பு பேசில். பேரங்காடிகளின் குளிர்ப்பகுதியில் தேடுங்கள். துளசி போட்டால் ருசியே வேறாகிவிடும்.

எண்ணெய் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய்தான். அதில் மிதமான தீயில் காய் வதக்கலாம். ஆனால் இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அப்படிப் பச்சையாக ஊற்றினால்தான் அதன் வாசமும் தொண்டையில் லேசாக உறைக்கும் காரமும் முழுதாகத் தெரியும். கறுத்த கண்ணாடிப் புட்டியாக, சிறியதாக வாங்குங்கள். சிங்கப்பூர் வெக்கையில் திறந்து வைத்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அடுப்பை ஒட்டி வைக்கவே கூடாது.

மூன்று பேருக்கு 50 கிராம் இலை, ஒரு சின்னப் பூண்டுப் பல், 2 மேசைக்கரண்டி முந்திரி, 40 கிராம் துருவிய சீஸ், 80 மில்லி எண்ணெய், கல் உப்பு. ஜெனோவாவில் போடுவது பைன் கொட்டை. விலை அதிகம், முந்திரியே நன்றாக இருக்கும். சைவம் சாப்பிடுவோர் கவனிக்கவும்: அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். சைவம் என்று குறிப்பிட்ட சீஸ் வாங்குங்கள்.

இலையைக் கழுவித் துணியில் ஒற்றி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். மிக்ஸி ஜாரைப் பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பூண்டு, உப்பு, முந்திரியை முதலில் பொடித்துக்கொண்டு, பிறகு இலையைப் போட்டு விட்டுவிட்டு ஐந்தாறு சுற்று. தொடர்ந்து ஓட்டினால் சூடேறி இலை கறுக்கும். எண்ணெயையும் சீஸையும் மிக்ஸியில் போடாதீர்கள். மிக்ஸியில் அடிபட்டால் ஆலிவ் எண்ணெய் கசந்துபோகலாம். கிண்ணத்தில் மாற்றிக் கரண்டியால் கலக்குங்கள்.

இனிப் பாஸ்தா, 250 கிராம். ஜெனோவாக்காரர்கள் உருளைக்கிழங்கும் பீன்ஸும் அதே பானையில் வேகவைப்பார்கள். நம் நாக்குக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் சிறு துண்டுகளாக்கிய கிழங்கு முதலில், ஐந்து நிமிடம் கழித்துப் பாஸ்தாவும் பீன்ஸும். வடிக்குமுன் ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து வையுங்கள். அடுப்பை அணைத்தபின்தான் பெஸ்டோ. பாஸ்தாவின் சூடே அதற்குப் போதும். வாணலியில் போட்டுக் கிளறினால் பச்சை நிறமும் வாசமும் போய்விடும். எடுத்துவைத்த கஞ்சித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் எல்லாம் சேர்ந்து பிடிக்கும்.

மிஞ்சிய பெஸ்டோவின் மேல் எண்ணெய் ஊற்றி மூடி உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டு எண்ணெயில் மூழ்கி வெளியே கிடந்தால் நச்சுக் கிருமி வளரும், இதில் அலட்சியம் வேண்டாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு மாதம் வரும். தோசையைத் தட்டில் எடுத்ததும் அதில் ஒரு கட்டியை வைத்துத் தடவிப் பாருங்கள்.