அஜைலா, வாட்டர்ஃபாலா? இரண்டையும் சேர்த்து ஒரு ப்ராஜெக்டை நடத்துவது எப்படி

முதலிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்து, வரிசையாக முடிப்பது வாட்டர்ஃபால். கொஞ்சம் செய்து, காட்டி, கருத்துக் கேட்டு, அதன்படி அடுத்ததைச் செய்வது அஜைல். புதிதாக ப்ராஜெக்ட் நடத்த வருபவர்கள் இதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வாட்டர்ஃபாலின் ஆரம்பம் என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையே, ஒரே மூச்சில் மேலிருந்து கீழே போவது ஆபத்து என்று எச்சரிக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையும் திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். ஏப்ரல் 1, புது நிதியாண்டின் முதல் பில் இதில்தான் போட வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கினால் கையில் சுமார் 12 வாரம்.

படி 1: வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்விதான்: இதைப் பாதியில் மாற்றினால் எவ்வளவு இழப்பு?

பில் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி அது வரிசையாக வர வேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது, ஒரே நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது. இதில் நம் விருப்பத்துக்கு இடம் குறைவு. சரக்குக் குறியீடும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான புடவைகளில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அதை மாற்றினால் அத்தனையையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இவையெல்லாம் கட்டுக்கோப்பான பக்கம்; இதை வாட்டர்ஃபால் முறையில் நடத்துவோம்.

பில் போடும் திரை, ஷார்ட்கட் கீ, முதலாளி பார்க்கும் ரிப்போர்ட் எல்லாம் நெகிழ்வான பக்கம்; இதற்கு அஜைல். பயன்படுத்திப் பார்க்காமல் இவற்றில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 2: கட்டுக்கோப்பான பக்கத்துக்குக் கடைசியிலிருந்து தேதி போடுங்கள்

ஏப்ரல் 1-லிருந்து பின்னோக்கி வாருங்கள். மார்ச் 31 இரவு சரக்கு எண்ணிக்கை. மார்ச் 15 முதல் ஒத்திகை. அதற்குள் ஸ்டிக்கர் ஒட்டி முடிந்திருக்க வேண்டும்; அதற்கும் முன்னால் குறியீடு முடிவாகி, பிரின்டர் வந்திருக்க வேண்டும். எக்செலில் ஒரு கான்ட் சார்ட் (எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் அட்டவணை) போதும்.

படி 3: நெகிழ்வான பக்கத்தை இரண்டு வார ஸ்பிரின்ட்டுகளாக ஓட்டுங்கள்

ஸ்பிரின்ட் என்பது ஒரு சிறு பகுதியைச் செய்து முடித்துக் காட்டுவதற்கான குறுகிய காலம். அப்படி நான்கு வையுங்கள். மிச்ச வாரங்களைச் சோதனைக்கு விட்டுவிடுங்கள். செய்ய வேண்டியவற்றை, பயன்படுத்துபவர் கேட்பது போல ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்: "புடவையை மாற்ற வருபவரின் பழைய பில்லை உடனே தேடி எடுக்க வேண்டும்." இதுதான் பேக்லாக். தினமும் 15 நிமிடத்துக்கு மேல் கூட்டம் வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் செய்ததைக் காட்டும் டெமோவில் மட்டும் கவனம் தேவை. ஒரு வேலையில் நான் முதலாளியிடம் மட்டுமே காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கல்லாவில் இருந்த அக்கா உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் கீபோர்டில்தான். திரையை முழுசாக மாற்றினோம். பணம் கொடுப்பவரும் பில் போடுபவரும் இரண்டு பேருமே டெமோவில் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போடுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓடினால், மூன்றாவது ஸ்பிரின்ட்டில் புடவை மாற்றும் திரையைச் செய்ய உட்காரும்போது சரக்குக் குறியீடு இன்னும் முடிவாகாமல் இருக்கும். அதனால் எந்த ஸ்பிரின்ட்டுக்கு எந்த முடிவு தேவை என்று சார்ட்டிலேயே குறித்துவிடுங்கள். நம் கடையில், முதல் ஸ்பிரின்ட் முடிவதற்குள் குறியீட்டுக்கு முதலாளி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம், மாற்றம் கேட்டு வருவார்கள். அது எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். நெகிழ்வான பக்கம் என்றால் பேக்லாகில் சேர்த்துவிட்டு, அதே அளவு வேலை ஒன்றை வெளியே எடுங்கள். எதை எடுப்பது என்பதைக் கடைக்காரரே சொல்லட்டும்.

கட்டுக்கோப்பான பக்கம் என்றால் செலவையும் தேதியையும் எழுதிக் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். "குறியீட்டிலேயே கலரும் வரட்டும்" என்று பிப்ரவரி கடைசியில் கேட்டால், ஸ்டிக்கர் அச்சாகிவிட்டதா என்று பாருங்கள். அச்சாகவில்லையென்றால் பேசலாம். அச்சாகிவிட்டால் குறியீட்டைத் தொடாமல், கலருக்குத் தனிக் கட்டம் வைத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தேவை கலரைப் பார்த்துத் தேடுவதுதான்.

படி 5: ஒத்திகை

மார்ச் 15-க்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். பிழை திருத்தம் மட்டும். வாடிக்கையாளருக்குப் பழைய முறையிலேயே பில் கொடுங்கள். அதையே புதிய மென்பொருளில் சோதனைக்காகப் போடுங்கள். இரவு கடை அடைக்கும்போது இரண்டு மொத்தமும் ஒன்றாக வர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மார்ச் 31 இரவு எண்ணிய சரக்கை ஏற்றி, சோதனை பில்களை அழித்துவிட்டு, எண் வரிசை ஒன்றிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை முதல் பில் போடும்போது நீங்களும் கல்லா பக்கத்தில் நில்லுங்கள்.