சிலிகான் இதயத்துல கலரே வரல, சரி பண்ணது இப்படித்தான்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு பின்னால வச்சு சிலிகான் இதய மாடல்ல பம்ப் மாட்டி டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடுறத கலர்ல காட்டுற அல்ட்ராசவுண்ட்) டெஸ்ட் பண்ணேன், வால்வு அழகா திறந்து மூடுது ஆனா ஸ்கிரீன்ல கலரே இல்ல, ரெண்டு நாளா புரோப்தான் (அலைய அனுப்பி வாங்குற கைக்கருவி) கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன். உண்மையில டாப்ளர் புடிக்கிறது சிவப்பணுல பட்டு திரும்புற அலையத்தான், பச்சத்தண்ணில எது திருப்பி அனுப்பும்?

தண்ணிய கொதிக்க வச்சு ஆறவிட்டேன், காத்துக்குமிழ் போகணும். 60 பங்கு தண்ணிக்கு 40 பங்கு கிளிசரின், கொழகொழப்பு ரத்தத்துக்கு கிட்ட வந்துரும். சிவப்பணுவுக்கு பதிலா அலைய திருப்பி அனுப்ப அம்மாவோட சோளமாவு (கார்ன்ஃபிளார்) ஒரு சிட்டிகை, ஆறினப்புறம்தான் போடணும், சூட்டுல போட்டா கஞ்சியாயிரும். அலை போற திசைக்கும் தண்ணி ஓடுற திசைக்கும் நடுவுல கோணம் 60 டிகிரிக்குள்ள இருக்குற மாதிரி புரோப்ப சாய்ச்சேன், வால்வு வாயில சிவப்பும் நீலமும் சீறிட்டு வந்துச்சு, எனக்கு கண்ணே கலங்கிருச்சு. மாவு அடில தங்கும், கலக்கிட்டே இருங்க.